5-எச்டிபி: குமட்டல் விடவில்லை, எல்-டிரிப்டோஃபேனுக்கு மாறலாமா?

தூக்கத்துக்கு 5-எச்டிபி (உடலில் செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளாக மாறும் துணைச்சத்து), 100 மி.கி., கிரிஃபோனியா என்ற செடியின் விதைச் சாறு, சாதாரண ஜெலட்டின் காப்ஸ்யூல். ஆறு வாரமாக இரவு 9 மணிக்கு ஒன்று. தூக்கம் நன்றாகவே வருகிறது. ஆனால் விழுங்கி முக்கால் மணி நேரத்தில் வாயில் எச்சில் ஊறி, குமட்டிக்கொண்டு வருகிறது. சில நாள் வயிற்றோட்டம். நடுக்கம், காய்ச்சல், படபடப்பு கிடையாது. மன அழுத்த மாத்திரை, டிரமடால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து எதுவும் கூடச் சேரவில்லை. இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து என்பது தெரியும்.

செய்து பார்த்தவை: வெறும் வயிற்றில் எடுத்ததை இரண்டு இட்லிக்குப் பிறகு என்று மாற்றியாயிற்று, பலனில்லை. காப்ஸ்யூலைப் பிரித்துப் பாதித் தூள் போட்டால் குமட்டல் குறைகிறது, தூக்கமும் கூடவே போய்விடுகிறது. அந்த மாற்றத்துக்கு உதவும் வைட்டமின் பி6 உள்ள மல்டிவிட்டமினைக் காலைக்குத் தள்ளியும் அதே கதைதான். 5-எச்டிபி மூளைக்குப் போவதற்குள் குடலிலேயே கொஞ்சம் செரட்டோனினாகிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் என்று படுகிறது. வயிற்றில் கரையாத உறை போட்ட காப்ஸ்யூல் மதுரைக் கடைகளில் கிடைக்கவில்லை.

எல்-டிரிப்டோஃபேன் (உடல் 5-எச்டிபியாக மாற்றிக்கொள்ளும் அமினோ அமிலம்) 500 மி.கி. வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போடும் எண்ணமில்லை. 5-எச்டிபியை நிறுத்தி எத்தனை நாள் இடைவெளி விட்டு இதைத் தொடங்க வேண்டும்?