எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை): சைட்டில் ஒரு எண், லேப்பில் வேறு எண்

மணலி ஃபேப்ரிகேஷன்:
1 இன்ச், ஷெட்யூல் 10எஸ் (சுவர் கன வகை), 304எல் (கார்பன் குறைந்த 304) பைப். வெளிவிட்டம் 33.4 மி.மீ., சுவர் 2.77. கையடக்க ஹார்ட்னஸ் கருவியான லீப் மீட்டரை வைத்தால் ஒரே பைப்பில் 52, 68, 47 எச்.ஆர்.பி. (ராக்வெல் பி ஸ்கேல்) என்று தாவுகிறது. பைப் ஆலை தந்த மில் சர்டிபிகேட்டில் 81. எதை நம்புவது? பார்த்தவங்க சொல்லுங்க.

திருவொற்றியூர் கியூசி:
சர்டிபிகேட்டைச் சந்தேகப்படும் முன் மீட்டரைப் பாருங்க சார். டி வகை லீப்பில் 3 மி.மீ. கார்பைடு குண்டு பதித்த 5.45 கிராம் துண்டு ஒன்று மோதித் திரும்பும். திரும்பும் வேகத்தை மோதிய வேகத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் ரீடிங். மோதுகிற இடம் அதிர்ந்தால் வேகத்தை அந்த அதிர்வே தின்றுவிடும், எண் விழும். 2.77 மி.மீ. சுவர் மேளத்தோல் மாதிரிதான். முழு 6 மீட்டர் நீளம் 12 கிலோ இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். எடை இருந்தும் பயனில்லை, அடி விழும் இடத்துக்குக் கீழே காலி. இந்த சைஸுக்கு லீப் வேண்டாம்.

டேபிள் ராக்வெல்லுக்கு (குண்டை அழுத்திக் குழியின் ஆழத்தை அளக்கும் மெஷின்) வாங்க. 60 மி.மீ. துண்டு வெட்டி, பர் (வெட்டு விளிம்புப் பிசிர்) எடுத்து, வி-ஆன்விலில் (வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கு மேடை) உட்காரவையுங்க. ஆன்விலை மாற்றியதும் வரும் முதல் இரண்டு ரீடிங்கைத் தள்ளிவிடணும், அது இருக்கையில் படிய அவ்வளவு ஆகும். குண்டு 1.588 மி.மீ., முதல் லோடு 10 கிலோ, மொத்தம் 100 கிலோ. ஒரு பாயின்ட் என்பது 0.002 மி.மீ. ஆழம். அடியில் தூசியோ ஆயிலோ இருந்து துண்டு 0.01 மி.மீ. அமுங்கினாலே 5 பாயின்ட் போச்சு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

சுவர் தாங்குமா என்பதையும் கணக்குப் போடுங்க. 81 என்றால் குழி ஆழம் (130−81)×0.002, அதாவது 0.098 மி.மீ. குண்டால் அடிக்கும்போது சுவர் அதைப்போல் 15 மடங்கு கனம் இருக்கணும்: 1.47. உங்கள் 2.77 தாராளம். அதே பைப் 5எஸ் என்றால் சுவர் 1.65, மெட்டீரியல் 70-க்கு இறங்கினால் 1.8 தேவை, அங்கே பி ஸ்கேல் செல்லாது. லோடு குறைந்த 30டி ஸ்கேலுக்கோ 15டி ஸ்கேலுக்கோ போகணும். அடித்த பிறகு துண்டின் உள்பக்கம் டார்ச் அடித்து விரலால் தடவிப் பாருங்க. குழிக்கு நேர் கீழே சின்னதாகப் புடைப்போ பளபளப்போ தெரிந்தால் அந்த எண்ணை எழுதவே கூடாது.

வளைந்த வெளிப்புறத்தில் பக்கவாட்டுத் தாங்கல் குறைவு என்பதால் ரீடிங் குறைவாகத்தான் வரும். விட்டத்துக்கு ஏற்ற திருத்தத்தைக் கூட்டிக்கொள்ளணும்.

மாதவரம் லேத்:
கியூசி சார் சொன்னதோடு ஒன்று. வளைவு வேண்டாமே என்று கிரைண்டர் பிடித்துச் சமதளம் எடுப்பவர்கள் உண்டு. மழுங்கிய வீல் 304-ன் தோலை இறுக்கிவிடும், ரீடிங் ஏறும். கையால் 120, 240, 400 எமரி, அதுவும் தண்ணீர் விட்டு. வளைத்த எல்போவின் வெளிவளைவிலும் இதே கதை: காந்தம் லேசாக ஒட்டினால் அங்கே மார்ட்டென்சைட் (வளைத்ததில் உருவாகும் கடினமான உள்ளமைப்பு) வந்திருக்கிறது, ஹார்ட்னஸும் கூடியிருக்கும். நேரான பகுதியில் அடியுங்க.

திருவொற்றியூர் கியூசி:
சரியாச் சொன்னீங்க. சந்தேகம் தீரலைன்னா குறுக்குவெட்டை பேக்லைட்டில் மவுன்ட் பண்ணி விக்கர்ஸ் எச்.வி.10 (பிரமிட் வைர முனை, 10 கிலோ லோடு) எடுங்க. மெட்டீரியல் 160 எச்.வி. என்றால் குழியின் மூலைவிட்டம் 0.34 மி.மீ. விளிம்பிலிருந்து 2.5 மடங்கு, 0.85 மி.மீ. விடணும். 2.77 சுவரின் நடுவில் அழகாக உட்காரும். எச்.ஆர்.பி.க்கு மாற்றும்போது கார்பன் ஸ்டீல் அட்டவணையை எடுக்காதீங்க, ஏ.எஸ்.டி.எம். இ140 தரநிலையில் ஆஸ்டெனிடிக் (304, 316 வகை) எஸ்.எஸ்.ஸுக்குத் தனி அட்டவணை இருக்கு.

பாரிமுனை பைப் கடை:
ஹார்ட்னஸ் பார்த்து 304-ஆ 316-ஆ என்று கேட்டு வருகிறார்கள். இரண்டும் ஒரே வீச்சில் வரும், பிரிக்க முடியாது. எண்ணூர் கடல்காற்றில் நிற்கப்போகும் பைப்புக்கு எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கியில் (எக்ஸ்ரேயால் உலோகக் கலவை காட்டும் கைக்கருவி) மாலிப்டினம் பாருங்க. 316-ல் குறைந்தது 2 சதவீதம் இருக்கணும். மாங்கனீஸ் 2-ஐத் தாண்டினால் அது 304 இல்லை, 200 வரிசை. ஆனால் அந்தத் துப்பாக்கி கார்பனைப் படிக்காது. 304-ஆ 304எல்-ஆ என்பதற்கு ஸ்பார்க் ஓ.இ.எஸ். (மின்பொறி ஒளியை அலசிக் கார்பனையும் காட்டும் கருவி) மாதிரி கார்பனைப் படிக்கும் டெஸ்ட் எடுக்கணும்.

மணலி ஃபேப்ரிகேஷன்:
நன்றி சார், நன்றி அண்ணே. துண்டு வெட்டியாச்சு. இன்னொன்று: ஹைட்ரஜன் சல்பைடு லைனுக்கு 22 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி ஸ்கேல், வைர முனையால் அடிப்பது) மேக்ஸ் கேட்கிறார்கள். சி ஸ்கேலிலேயே அடித்துக் காட்டட்டுமா?

திருவொற்றியூர் கியூசி:
வேண்டாம். சி ஸ்கேல் 20-க்குக் கீழே நம்பிக்கைக்கு ஆகாது. 81 எச்.ஆர்.பி. பைப்பில் வைர முனையை இறக்கினால் சைபரை ஒட்டி ஏதோ ஒன்று காட்டும், அதை ரிப்போர்ட்டில் போட்டால் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். எச்.ஆர்.பி. ரீடிங்கையே எழுதி, எந்த ஆன்வில், எந்தத் திருத்தம், எத்தனை இடம் என்று பக்கத்திலேயே குறிச்சிடுங்க.