அடைமழையில் ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் எப்படி வைத்திருப்பது?

கல்லிடைக்குறிச்சி அம்மா:
ஐப்பசி பிறந்ததில் இருந்து எங்கள் முற்றம் காயவே இல்லை. சாயங்காலம் வாய்க்கால் பாலம் வரை நடக்கிற பிள்ளை, இப்போது பட்டாசலுக்கும் (கூடம்) அடுக்களைக்கும் நடுவிலேயே கிடக்கிறான். பத்து மணிக்கெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறான். பேட்டரி கார், பொம்மை எல்லாம் இருக்கின்றன, எதிலும் ஐந்து நிமிடம் உட்காருவதில்லை. போன வாரம் செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டிவிட்டேன். இப்போது அது இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்பை ஆச்சி:
தாயி, நான் அங்கன்வாடியில் இருந்தவள். பொம்மையெல்லாம் பரணில் ஏறட்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு நாம் செய்கிற வேலைதான் விளையாட்டு. நீ காய் நறுக்கும்போது அவன் முன்னால் ஒரு சுளவும் (முறம்) இரண்டு ஓலைக் கொட்டானும் வை. உருளைக்கிழங்கு ஒன்றில், கத்தரிக்காய் இன்னொன்றில். போடுவான், கொட்டுவான், திரும்பவும் போடுவான். அதைச் சேட்டை என்று அதட்டாதே. நிறைவது, காலியாவது, பெரியது, சின்னது எல்லாம் அப்படித்தான் பிடிபடும். நீ பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிக்கொண்டே இரு. அரிசி மாவில் வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஆறியதும் ஓர் உருண்டை கொடு. என் பேத்தி அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் இருப்பாள்.

உடம்பும் ஓடியாட வேண்டும். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. கோரைப்பாயை விரித்துத் தலையணைகளைக் குவித்துவிடு. ஏறி இறங்கட்டும்.

சோற்றுக்கு என்ன செய்ய என்றால், அவன் உள்ளங்கையில் உன் முழங்கையை வைத்துப் பருப்புக் கடை. விரல் விரலாக மடக்கி, அப்பாவுக்கு, ஆச்சிக்கு என்று பங்கு கொடு. கடைசியில் கை வழியே நண்டை அக்குள் வரை ஏற்று. சிரிக்கிற வாயில் ஒரு கவளம் போகும். செல்போன் கேட்டு இரண்டு நாள் அழுவான், நீ இளகிவிடாதே.

பாளையங்கோட்டை அப்பா:
2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. டார்ச் அடித்துச் சுவரில் கை நிழலில் நாயும் மானும் காட்டினேன். இன்றைக்கும் மழை பெய்தால் "நாய் காட்டு" என்பாள். இடி மின்னல் இல்லாதபோது தார்சாவில் (தாழ்வாரம்) தூக்கி வைத்துக்கொண்டு, ஓட்டுத் தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

தென்காசி நர்ஸ்:
அந்த வாளியை உடனே கவிழ்த்துவிடுங்கள் அண்ணே. கொஞ்சம் தண்ணீர் போதும், தலைகீழாக விழுந்த பிள்ளையால் எழ முடியாது. புளியமுத்து, சோழி, பல்லாங்குழிக் காய் எதுவும் மூன்று வயது வரை கைக்கு எட்டக் கூடாது. அம்பாசமுத்திரம் மரச்செப்பு வாங்கினாலும், வாய்க்குள் போகிற சின்னச் செப்புகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அம்மா:
செல்போன் பீரோவுக்குள் போய்விட்டது ஆச்சி. மத்தியானம் அழுதான். ராத்திரி நண்டு ஏறும்போது நாலு கவளம் வாங்கிக்கொண்டான்.