அட்டையில் யார் பேர் போட்டீங்க? கிள்ளை ஊர்ப் பக்கம் நாங்க செய்த புத்தகம்

கடலூரிலிருந்து:

ஸ்கிரீன் பிரிண்டிங்தான் எனக்குத் தொழில். போன வருஷம் நண்பர்களோடு சேர்ந்து சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்குப் பக்கத்தில், இருளர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில், அங்குள்ள பிள்ளைகளோடு படப் புத்தகம் செய்தோம். 16 பக்கம், 3 கலர். காகிதம் புதுச்சேரியில் வாங்கிய கைக்காகிதம்.

கதை இறால் பிடிப்பது பற்றி. அங்கே பலர் வலையில்லாமல், வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடை, 'பறி', பல்லிடுக்கில் இருக்கும்.

நான் "பாட்டி இறாலைத் தேடினாள்" என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டும்போதே ஆயா ஒருவர் நிறுத்திவிட்டார். "தேடுறது கண்ணால சார். நாங்க தடவுறோம்." என் இரண்டு கையையும் பிடித்து மண்தரையில் வைத்து, விரலை விரித்துவிட்டார். "றாலு பின்னாடிதான் துள்ளும். இந்தக் கை முன்னால போவச்சே, அந்தக் கை பின்னால காத்துக்கினு இருக்கணும்."

நாங்கள் வரைய வைத்திருந்த படத்தில் ஒரு கைதான் இருந்தது. அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டு, பக்கம் முழுக்க இரண்டு கை மட்டும் பிள்ளைகளை வரையச் சொன்னோம். புத்தகத்திலேயே நல்ல பக்கம் அதுதான்.

அட்டையில் 'இருளர் சிறுவர்கள்' என்று பொதுவாகப் போட்டிருந்தோம். ஏழாவது படிக்கும் பெண் கேட்டாள்: "எங்க பேரு எங்க?" சாதிச் சான்றுக்கு அவள் அம்மா ரெண்டு வருஷமாக அலைகிறாராம். "இதுலயாவது என் பேரு வரட்டும் சார்."

அட்டை எழுத்தை வெளிச்சம் காட்டிப் பதித்து (எக்ஸ்போஸ் செய்து) வைத்திருந்த ஃப்ரேமை, அதாவது அச்சுத் திரைச் சட்டத்தை, கழுவி, 11 பேர் பெயரையும் அவரவர் கையெழுத்திலேயே மறுபடி எடுத்தோம். ஒரு பையன் 'ற'வைத் திருப்பிப் போட்டிருந்தான். அப்படியே விட்டோம்.

புதுச்சேரியிலிருந்து:

பேர் போட்டது ரொம்ப சரி அண்ணா. ஆனா உள்பக்கத்துல உரிமை யாருக்குன்னு எழுதினீங்களா? நாங்க மீனவப் பிள்ளைகளோட செஞ்சப்ப அதை விட்டுட்டோம். பின்னால ஒருத்தங்க மறுபதிப்பு போட்டாங்க, பிள்ளைங்களைக் கேக்கவே இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல கூட்டாசிரியருக்கு இடமிருக்கு. அவங்கள்ல கடைசியா இருக்கறவர் காலத்துக்கப்புறமும் 60 வருஷம் உரிமை உண்டு. அந்தப் பையனோட பேரப்பிள்ளைக்கும் வரும்.

கடலூரிலிருந்து:

எழுதலை தம்பி. ஓரம் வெட்டக் கட்டிங் போகாத 140 பிரதி இன்னும் என் கடையில்தான் இருக்கு. உரிமை வரிக்கு ஒரு ஃப்ரேம் நாளைக்கே போடுறேன். அதுக்கு முன்னாடி கிள்ளைக்குப் போய், என்ன எழுதணும்னு அவங்களைக் கேட்டுட்டு வர்றேன்.