பதிகடிகாரம்: படகிலும் வண்டியிலும் பொருத்தும் கடிகாரத்துக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

படகு, கார், லாரி, விமானம் ஆகியவற்றில் ஓட்டுபவரின் கண்ணெதிரே பொருத்தியிருக்கும், பெரும்பாலும் சாவி கொடுத்து ஓடும் உறுதியான கடிகாரத்துக்கு, நம் அகராதிக்குச் சொல் தேடும் இந்த விவாத இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன: வன்கடிகாரம், முகப்புக் கடிகாரம், ஊர்திக் கடிகாரம், கன்னல். நான் பதிகடிகாரம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணம் சற்று நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய கப்பல்களில் இரண்டு வகைக் கடிகாரங்கள் இருந்தன. ஒன்று, நாம் காலமானி என்று சொல்லிப் பழகியது. மரப்பெட்டிக்குள், இரட்டைப் பித்தளை வளையங்களில் தொங்கும். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முகப்பு வானம் பார்த்தே இருக்கும். கிரீன்விச் நேரத்தில் வைத்துவிட்டால் பயணம் முடியும்வரை அதன் முள்ளைத் தொடமாட்டார்கள், ஏனென்றால் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்ற நிலநெடுக்கோட்டுக் கணக்கே அதை நம்பித்தான். நிலநடுக்கோட்டில் 4 விநாடிப் பிழை என்பது ஒரு கடல்மைல் பிழை. 1761-இல் ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரத்தை ஜமைக்கா வரை கொண்டுபோய்ச் சோதித்தது இந்தக் கணக்குக்காகத்தான்.

இன்னொன்று, சுவரில் விளிம்போடு திருகாணி போட்டு முடுக்கியது. சுக்கான் பிடிப்பவர் தலை நிமிர்ந்தால் தெரியும். நேர மண்டலம் மாறும்போதெல்லாம் முள்ளைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குத் தொங்கும் வளையமும் இல்லை, பஞ்சு வைத்த பெட்டியும் இல்லை. எஞ்சினின் அதிர்வும், அலை வந்து மோதும் அடியும் நேராக அதன் உடம்புக்குள் இறங்கும். காரின் கருவிப் பலகையில் இருக்கும் கடிகாரத்துக்கும் இதே கதிதான். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவது வகைக்கு.

இதன் அமைப்பு முழுவதும் இந்த ஒரு நிலைமையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. ஆடும் தளத்தில் ஊசல் வேலை செய்யாது, ஆகவே உள்ளே முன்னும் பின்னுமாகச் சுழலும் ஒரு சிறு சக்கரமும் அதன் இழைச்சுருளும். பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. அந்தச் சக்கரத்தின் அச்சுமுனைதான் அடி பட்டால் முதலில் ஒடியும் இடம். வெயில் இன்னொரு பகை. சாதாரண எஃகு இழைச்சுருள் சூட்டில் விறைப்பு இழக்கும், ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாளொன்றுக்குப் பத்து விநாடி அளவுக்குப் பின்தங்கும். கண்ணாடிக்குக் கீழே காயும் பலகையில் இது தாங்காது. வெப்பத்தில் விறைப்பு மாறாத நிக்கல் எஃகுக் கலவையைச் சுவிஸ் இயற்பியலாளர் ஷார்ல் குய்யோம் உருவாக்கியதால்தான் இந்தத் தொல்லை தணிந்தது. நிக்கல் எஃகுக் கலவைகள் பற்றிய பணிக்காக அவருக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, பதிந்திருப்பது காரணம், உறுதி அதன் விளைவு. சொல் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விளைவு தானாக வரும். இதனால்தான் வன்கடிகாரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும் வன்பொருள், வன்தட்டு என்று கணினித் துறையில் ‘வன்’ வேரூன்றிவிட்டது. கணினிக்குள் நேரம் காக்கும் சில்லையும் வன்பொருள் கடிகாரம் என்கிறோம். வன்கடிகாரம் என்றதும் வாசகர் அங்கேதான் போவார்.

முகப்புக் கடிகாரம் என்றால் கட்டடத்தின் முகப்பில் இருக்கும் பெரிய மணிக்கூண்டுதான் மனத்தில் எழும். ஊர்திக் கடிகாரம் நல்ல சொல், வானூர்தியையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் படகை ஊர்தி என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை, படகும் கப்பலும் கலம்தான். இந்தக் கடிகாரமோ இடம் பார்ப்பதில்லை. சுவிஸ் கடிகார நிறுவனமான ஹோயர் 1911-இல் ‘டைம் ஆஃப் ட்ரிப்’ என்ற பலகைக் கருவியைக் காருக்கும் விமானத்துக்கும் பொதுவாகத்தான் செய்தது. பெரிய முட்கள் நேரத்தையும், மேலே சிறு வட்டத்தில் உள்ள முட்கள் பயணம் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் காட்டும். அதே நிறுவனம் 1933-இல் கொண்டுவந்த பலகை நேரமானிக்கு ஆட்டோமொபைல், ஏவியேஷன் இரண்டையும் ஒட்டி ‘ஆட்டேவியா’ என்று பெயர் வைத்தது. வண்டியின் பெயரை வைத்துச் சொல் கட்டினால் இப்படி ஒட்டிக்கொண்டே போகவேண்டும்.

கன்னலை முன்மொழிந்த அம்மா முல்லைப்பாட்டின் ‘குறுநீர்க் கன்னலை’ நினைவூட்டியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாசறையில் பொழுது அளந்து சொல்லும் காட்சி அது, வீட்டை விட்டு வெளியே போன கடிகாரம் என்ற வகையில் பொருத்தமும் உண்டு. ஆனாலும் அது நீர்க்கடிகாரம். நீர் அசையாமல் இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும், ஆடும் படகில் அது ஒரு நாழிகைகூடத் தேறாது. ஆட்டத்தைத் தாங்குவதற்கென்றே பிறந்த கருவிக்கு அந்தப் பெயர் வேண்டாம். இன்றைய வாசகருக்குக் கன்னல் என்றால் கரும்பு என்பது வேறு.

சாவிக் கடிகாரம் என்றே விட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பழைய அமெரிக்கக் கார்களில் பலவற்றில் சாவியே கிடையாது. சின்னச் சுருள்வில் ஒன்று ஓரிரு நிமிடம் ஓட்டும். அது தளர்ந்ததும் இரண்டு தொடுமுனைகள் ஒட்டும், மின்காந்தம் டக்கென்று ஒரு தட்டுத் தட்டி வில்லை மறுபடி முறுக்கும். ஓடுவது வில்லால், முறுக்குவது மின்சாரம். அந்தத் தொடுமுனை கருகித்தான் பெரும்பாலான கார் கடிகாரங்கள் நின்றுபோயின. இவற்றையும் நம் சொல் உள்ளடக்க வேண்டும்.

இனி பதிகடிகாரம். பதிந்த, பதிகின்ற, பதியும் கடிகாரம் என்று விரியும் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது. ‘க்’ போட்டுப் பதிக்கடிகாரம் என்று எழுதினால் பதி பெயர்ச்சொல்லாகி, ஊர் அல்லது தலைவன் என்று பொருள் திரிந்துவிடும். ஆகவே எழுதும்போது கவனம் தேவை. சுவர்மேல் திருகியது பதிந்தது ஆகுமா என்ற ஐயம் வரலாம். கல்லை மோதிரத்தில் பதிக்கிறோம், காலைத் தரையிலும் பதிக்கிறோம். துளைக்குள் இறக்கியதற்கும் மேலே அழுந்தப் பொருத்தியதற்கும் இந்த வினை இடம் கொடுக்கும். மணிக்கூடு என்று வழங்குவோர் பதிமணிக்கூடு என்று சொல்லிக்கொள்ளலாம், ஓசையும் நன்றாகவே இருக்கிறது.

துணைச் சொற்களில் இரண்டை மட்டும் இப்போது தொடுகிறேன். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடுவதை எண்ணாள் கடிகாரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சி சரி, ஆனால் ‘எண்ணாள்’ என்பதை ‘நினைக்கமாட்டாள்’ என்று படிப்பவர்களே அதிகம். எட்டுநாள் கடிகாரம் போதும். வாரம் ஒரு நாள் சாவி கொடுப்பது, மறந்துவிட்டால் ஒரு நாள் கூடுதல் கெடு, அந்த வழக்கம் அப்படியே பெயரில் தெரிகிறது. உள்ளே சுழலும் சக்கரத்துக்குச் சமநிலைச் சக்கரம் என்பதைவிட அலைசக்கரம் என்பது அதன் வேலையைக் காட்டுகிறது.

முடிவாகாத ஒன்று உண்டு. கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையத்துக்கு விளிம்பு வளையம் என்று எழுதி வருகிறோம். சில பதிகடிகாரங்களில் பின்பக்கம் பலகைக்குள் மறைந்துவிடுவதால், இந்த வளையத்தையே பிடித்துத் திருகித்தான் வில்லை முறுக்க வேண்டும். அதற்கு மட்டும் திருகுவளையம் என்று தனியாகக் கொடுக்கலாமா, அல்லது பொதுச் சொல்லே இரண்டுக்கும் போதுமா? இவற்றைக் கழற்றிப் பழுது பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அதையே அகராதியில் சேர்த்துவிடலாம்.