புது ஆட்டோபைலட் (படகைத் தானே திருப்பி ஓட்டும் கருவி): பின்னாலிருந்து அலை வந்தால் அணைந்து மறுபடி எழுகிறது, தட்டைக் கடலிலும் வளைந்து போகிறது. உதவி தேவை

சுக்கான்பிடி

11 மீட்டர் பாய்மரப் படகு, சாமான் ஏற்றினால் 7 டன், வீல் ஸ்டியரிங். வீலிலேயே மாட்டும் பழைய பைலட்டைக் கழற்றிவிட்டு, சுக்கான் தண்டில் தனி டில்லர் கை (சுக்கானைத் திருப்பும் நெம்பு) பொருத்தி, அதைத் தள்ளி இழுக்கும் லீனியர் டிரைவ் மோட்டார் மாட்டியாயிற்று. டிரைவுக்குக் கட்டளை தரும் கோர்ஸ் கம்ப்யூட்டர், படகு பார்க்கும் திசையை அளக்கும் 9 அச்சு ஹெடிங் சென்சார், திரையும் பட்டனும் உள்ள கன்ட்ரோல் ஹெட் எல்லாம் புதிது. வயர் மட்டும் பழையது: சுவிட்ச் பேனலிலிருந்து பின் லாக்கர் வரை 2.5 சதுர மி.மீ., ஒரு வழி 7 மீட்டர். 15 ஆம்ப் பிரேக்கர். அதே பிரேக்கரில் காற்று, ஆழக் கருவிகளும் இருக்கின்றன.

மூன்று தொல்லைகள்.

ஒன்று: பின்னாலிருந்து அலை தள்ளி, சுக்கானில் சுமை ஏறும்போது கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. பைலட் ஸ்டாண்ட்பைக்குப் போய், சுக்கானை விட்டுவிடுகிறது. சும்மா இருக்கும்போது திரையில் 12.4 வோல்ட்.

இரண்டு: அலையே இல்லாதபோதும் படகு பாம்பு மாதிரி வளைந்து போகிறது. ரெஸ்பான்ஸ் (பைலட் எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது) அளவை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாயிற்று.

மூன்று: காற்றுக்கு ஒரே கோணத்தில் ஓட்டும் காற்றுக் கோண மோடு, மெனுவில் மங்கியே கிடக்கிறது. காற்றுக் கருவி பேசுவது பழைய என்எம்இஏ 0183 (படகுக் கருவிகள் தரவு பரிமாறும் முறை). கன்வெர்ட்டர் வழியாகப் புதிய என்எம்இஏ 2000 வலையில் சேர்த்திருக்கிறேன்.

மென்பொருள் புதுப்பித்தும் மாற்றம் இல்லை. கம்ப்யூட்டரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா, இல்லை பெரிய பேட்டரி போடலாமா?

செம்புக்கம்பி

ரெண்டும் வேண்டாம். முதல்ல மல்டிமீட்டரை எடுங்க.

சும்மா இருக்கும்போது காட்டுற 12.4ஐ நம்பாதீங்க. கரன்ட் ஓடாத வயர்ல வோல்ட் இறங்காது. மோட்டார் திணறும்போது என்ன வருதுன்னுதான் பாக்கணும். உங்க வயர் கணக்கு இது: செம்புக்கு ஒரு மீட்டர், ஒரு சதுர மி.மீ.க்கு 0.0175 ஓம். போக வர 14 மீட்டர். 14 × 0.0175 ÷ 2.5 = 0.098 ஓம். மோட்டார் 15 ஆம்ப் இழுத்தா 1.47 வோல்ட் வயரே தின்னுடும். இது புது வயர், சுத்தமான முனை இருந்தா வர்ற கணக்கு. பழைய முனைகளோட சேர்ந்தா இன்னும் மோசம். எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்டுக்குப் பொதுவா 3 சதவீதம், அதாவது 12 வோல்ட்டுல 0.36தான் அனுமதி.

சோதனையைக் கரையிலேயே செய்யலாம்:

மீட்டர் முனைகளைக் கம்ப்யூட்டரோட பவர் டெர்மினல்லயே வைங்க. பேனல்ல வைக்காதீங்க. மிகக் குறைஞ்ச, அதிக அளவைப் பிடிச்சு வைக்கிற வசதி (மின்/மேக்ஸ்) இருந்தா போடுங்க, சாதா திரை அந்தக் கண நேரச் சரிவைக் காட்டாது. பைலட்டை ஆட்டோவுல போட்டு, ஒருத்தர் வீலை இறுக்கிப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் திசையை 10 டிகிரி மாத்துற +10 பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தட்டும். மிகக் குறைஞ்ச அளவைக் குறிச்சுக்கங்க. வீல் பிடிக்கிறவர் விரலை ஆரங்களுக்கு நடுவுல விடக்கூடாது.

அடுத்து வோல்ட் எங்கே தொலையுதுன்னு பிரிக்கணும். ஒரு முனை பேட்டரி பிளஸ் போஸ்ட்ல, இன்னொரு முனை கம்ப்யூட்டர் பிளஸ்ல. அதே சுமையில வர்றது பிளஸ் பக்க இழப்பு. மைனஸுக்கும் இதே மாதிரி. மீட்டர் முனை அவ்வளவு தூரம் எட்ட, நடுவுல 8, 9 மீட்டர் நீள வயர் வேணும். எந்த ஒல்லி வயரும் போதும், மீட்டர் இழுக்குற கரன்ட் ஒண்ணுமில்ல. நிறைய பேர் பிளஸ்ஸை மட்டும் தடியாக்கிட்டு மைனஸை மறந்துடுவாங்க. போன கரன்ட் அத்தனையும் அந்த வழியாத்தான் திரும்பணும்.

பெரிய பேட்டரி நேரத்தைக் கூட்டும், வழியில தொலையுற வோல்ட்டைக் கூட்டாது.

ஊசிமுனை

இரண்டாவது தொல்லைக்கு: ஹெடிங் சென்சார் எங்கே இருக்கிறது? அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஸ்பீக்கர், டிரைவ் மோட்டார், வேறு காம்பஸ், மின்வயர், இரும்புச் சாமான் எதுவும் கூடாது. டப்பா உணவு வைக்கும் லாக்கரின் மறுபக்கத்தில் சென்சாரைப் பொருத்திவிட்டுக் காரணம் தேடுவது வழக்கமான தவறு.

வயரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். தனியாக ஓடும் ஒரு வயரில் 14 ஆம்ப் போனால் 20 செ.மீ. தள்ளி 14 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் உண்டாகும். காம்பஸ் நம்பியிருக்கும் பூமியின் கிடைமட்டப் புலம் பல கடல்களில் 20 முதல் 40 மைக்ரோடெஸ்லாதான். டிரைவ் ஓடும் ஒவ்வொரு முறையும் படகு திரும்பிவிட்டதாக சென்சார் சொல்லும், பைலட் திருத்தும், அந்தத் திருத்தத்துக்கு மறுபடி மோட்டார் ஓடும். தட்டைக் கடலில் பாம்பு நடை இப்படித்தான் வருகிறது. ரெஸ்பான்ஸைத் தொட்டுப் பயனில்லை.

படகைக் கட்டிவைத்துப் பாருங்கள். ஹெடிங் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு டிரைவை வலப்பக்கம் ஓட்டுங்கள், பிறகு இடப்பக்கம். படகு அசையாமலே எண் தாவினால் காந்தக் குறுக்கீடு. எந்தப் பக்கம் தாவுகிறது என்பதும் முக்கியம். வலத்துக்கு ஒரு திசையிலும் இடத்துக்கு எதிர்த் திசையிலும் தாவினால், கம்ப்யூட்டருக்கும் டிரைவுக்கும் இடையிலுள்ள மோட்டார் வயர்கள்தான் காரணம், அவற்றில்தான் கரன்ட் திசை மாறுகிறது. இரு பக்கத்துக்கும் ஒரே திசையில் தாவினால் பேட்டரியிலிருந்து வரும் சப்ளை வயர்.

பேக்போன்

மூன்றாவதுக்கு வலையின் பவரை அணைத்து, ஏதாவது ஒரு டீயில் (T வடிவ இணைப்பில்) வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே ஓம் அளந்து போடுங்கள். 60 வர வேண்டும், இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (வலையின் முனையில் மாட்டும் மின்தடை) இணையாக இருப்பதால். 120 வந்தால் ஒன்று இல்லை. 40 வந்தால் மூன்று இருக்கிறது. பவர் ஓடும்போது அளந்த ஓம் குப்பை.

வலைக்குப் பவர் ஒரே இடத்தில், தனி ஃபியூஸில் நுழைய வேண்டும். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ், ஷீல்டு (வயர்களைச் சுற்றிய உறை) அந்த ஒரே இடத்தில் மட்டும் மைனஸோடு சேரும். ஒவ்வொரு கருவிக்கும் போகும் கிளை 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. கிளையிலிருந்து கிளை இழுக்காதீர்கள்.

கன்வெர்ட்டர் பக்கம்: காற்றுக் கருவி அனுப்புவது எம்டபிள்யூவி வாக்கியம் (காற்றின் கோணமும் வேகமும் உள்ள தரவு வரி), அனுப்பும் வேகம் 4800 பாட். வலைக்குள் அது பிஜிஎன் 130306 (காற்றுத் தரவின் செய்தி எண்) ஆக வர வேண்டும். ஏ, பி வயர் இடம் மாறியிருந்தால் ஒன்றுமே வராது. 0183 வயரில் மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் எதுவும் எரிந்துவிடாது, பவர் வயரைத் தொடாதவரை.

இழுவிசை

இயந்திரப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சுக்கான் நேராக இருக்கும்போது டிரைவ் தண்டு டில்லர் கைக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் படகின் சுக்கான் தடுப்பு முதலில் தட்ட வேண்டும். டிரைவின் தண்டு தன் கடைசி வரை போய் இடிக்கக் கூடாது. சுக்கான் கோண சென்சாரின் இணைப்புக் கம்பி, இரு கைகள், தண்டு எல்லாம் சேர்ந்து இணைகரமாக இருக்கட்டும். அதில் 2 மி.மீ. ஆட்டம் இருந்தாலும் பைலட் நடுநிலையைத் தேடி அலையும். அமைப்பில் சுக்கான் வரம்பை நிஜத் தடுப்புக்கு 5 டிகிரி முன்பாகவே வையுங்கள்.

டிரைவ் அடித்தளத்துக்குப் பின்னால் பேக்கிங் பிளேட் (விசையைப் பரப்பும் தகடு) போட்டிருக்கிறீர்கள்தானே? நூற்றுக்கணக்கான கிலோ விசை அந்த இரண்டு சதுர அங்குலத்தில்தான் விழும். வெறும் பிளைவுட்டில் ஸ்க்ரூ போட்டது ஒரு நல்ல அலைக்கே பெயர்ந்துவிடும்.

சுக்கான்பிடி

எல்லாம் அளந்தேன்.

சுமையில் பேட்டரி போஸ்டில் 12.1. கம்ப்யூட்டரில் குறைந்தபட்சம் 10.3. பிளஸ் இழப்பு 0.7, மைனஸ் இழப்பு 1.1. கிளாம்ப் மீட்டர் 14 ஆம்ப் காட்டியது.

ஹெடிங்: வலத்துக்கு ஓட்டினால் +8 டிகிரி, இடத்துக்கு −7. சென்சார் இருக்கும் தடுப்புப் பலகையின் பின்புறம் டிரைவ் வயர் இரண்டும் தனித்தனிக் குழாயில் போகின்றன.

வலை: 40 ஓம்.

டிரைவ் அடித்தளத்தில் பேக்கிங் பிளேட் இருக்கிறது. சுக்கான் சென்சார் கம்பியில் ஆட்டம் இல்லை.

செம்புக்கம்பி

பிளஸ்ல 0.7 சரியா கணக்குக்கு வருது: 7 மீட்டருக்கு 0.049 ஓம், 14 ஆம்ப்ல 0.69. மைனஸும் அதே வயர், அதே நீளம், ஆனா 0.4 கூடுதல். அப்போ மைனஸ் வழியில ஏதோ ஒரு மூட்டு கெட்டிருக்கு. 14 ஆம்ப்ல 0.4 வோல்ட்னா அந்த ஒரு மூட்டுல மட்டும் 5.6 வாட் சூடு. பைலட்டை அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டுப் பேனலுக்குப் பின்னால இருக்குற மைனஸ் பட்டையில (மைனஸ் வயரெல்லாம் சேர்ற செம்புப் பட்டை) ஒவ்வொரு லக்கா (வயர் முனை வளையம்) தொட்டுப் பாருங்க. சுடுறதுதான் ஆள்.

அங்கே பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு: பச்சை பூத்த லக், இல்லேன்னா லக்குக்கும் பட்டைக்கும் நடுவுல துருப்பிடிக்காத எஃகு வாஷர். வாஷர் லக்குக்கு மேலதான் வரணும். செம்பு மேல செம்பு உக்காரணும்.

அதைச் சரி பண்ணினாலும் 2.5 வயரை விட்டுவைக்காதீங்க. புது வழி இப்படி:

பேட்டரி மெயின் சுவிட்சுக்கு அடுத்த விநியோகக் கட்டையிலேருந்து பைலட்டுக்குன்னு தனி ஜோடி. பேனல் வழியா வேண்டாம். வளைஞ்சு போற நிஜ நீளத்தை நூல் விட்டு அளங்க. ஒரு வழி 9 மீட்டர்னு வெச்சா போக வர 18. 10 சதுர மி.மீ.ல 15 ஆம்ப்புக்கு 0.47 வோல்ட் இழப்பு, 3 சதவீதத்தைத் தாண்டுது. 16ல 0.3. அப்போ 16தான். வெள்ளீயம் பூசின மெல்லிழை வயர்; வீட்டு ஒற்றைக் கம்பி வயர் படகு அதிர்வுல முறியும்.

பேட்டரியிலேருந்து வர்ற பிளஸ்ல ஃபியூஸ் இருக்கணும், 7 அங்குலத்துக்குள்ள, அதாவது 18 செ.மீ. இப்போ இல்லேன்னா இதோட சேர்த்துப் போட்டுடுங்க. பைலட் பிரேக்கர் அளவை டிரைவ் கையேட்டுல பாத்து எடுங்க. அது சுக்கான் பிடிக்கிறவர் கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும், பைலட் தறிகெட்டு ஒரு பக்கம் ஓடினா உடனே அறுக்கணும்.

16 வயர் கம்ப்யூட்டர் டெர்மினலுக்குள்ள நுழையாது. இழைகளை வெட்டி ஒல்லியாக்காதீங்க! பக்கத்துல 30 செ.மீ.க்குள்ள ஒரு ஸ்டட் கட்டை (போல்ட்டுல வயர் மாட்டுறது) வெச்சு, அங்கிருந்து டெர்மினல் ஏத்துக்குற தடிமன்ல சின்னத் துண்டு, முனையில ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற குழல்). கிரிம்ப்புக்கு (முனையை வயர் மேல நசுக்கிப் பிடிக்க) ராட்செட் கருவி, மேல பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற உறை). ஈயம் வெச்சு மட்டும் ஒட்டினா அந்த இடம் விறைச்சு, விளிம்புல உடையும்.

இன்னொண்ணு, மோட்டாரைச் சுக்கானோட சேர்க்குற டிரைவ் கிளட்ச். வோல்ட் இறங்கினா கிளட்ச் சோலனாய்டும் தளரும். அப்போ மோட்டார் ஓடும், சுக்கான் நகராது. அதைக் கியர் பழுதுன்னு நெனச்சு டிரைவைப் பிரிக்கிறவங்க உண்டு.

ஊசிமுனை

எதிரெதிர்த் தாவல், ஆகவே மோட்டார் வயர். இரண்டையும் ஒரே குழாயில் போட்டு, 10 செ.மீ.க்கு மூன்று முறுக்காவது வருமாறு முறுக்குங்கள். போகும் புலமும் வரும் புலமும் பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். முடிந்தால் சென்சாரையும் நகர்த்துங்கள்: படகின் நடுக்கோட்டருகே, தாழ்வாக, ஒரு மீட்டர் விலகி.

பிறகு வரிசை மாறாமல் செய்யுங்கள். கரையில் சுக்கான் நடுநிலை, வரம்பு, மோட்டார் திசைச் சோதனை. திசை தலைகீழாக இருந்தால் பைலட் சுக்கானைக் கடைசி வரை ஓட்டிவிடும். அப்படியானால் கம்ப்யூட்டரில் மோட்டார் வயர் இரண்டையும் இடம் மாற்றினால் போதும். அதன்பின் அமைதியான நீரில், சாமான் எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்க, மெதுவாக முழு வட்டம் அடித்து டீவியேஷன் (படகின் இரும்பும் வயரும் காம்பஸில் உண்டாக்கும் பிழை) திருத்தம். அதற்குப் பிறகே ஹெடிங் ஆஃப்செட் (மீதியிருக்கும் நிலையான வித்தியாசத்தைச் சரிசெய்வது). அதை ஜிபிஎஸ் போக்குத் திசையோடு ஒப்பிட்டு வைக்காதீர்கள். நீரோட்டம் இருந்தால் ஜிபிஎஸ் காட்டுவது படகு நகரும் திசை, அணியம் (படகின் முன்முனை) பார்க்கும் திசை வேறாக இருக்கும். வரைபடத்திலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள்.

பேக்போன்

40 ஓம் என்றால் மூன்றாவது டெர்மினேட்டர் எங்கோ கிளை முனையில் இருக்கிறது. கன்வெர்ட்டர் கிட்டோடு வந்ததை மாட்டியிருப்பீர்கள். கழற்றி 60 வருகிறதா பாருங்கள். பிறகு கன்ட்ரோல் ஹெட்டின் தரவு மூலப் பட்டியலில் காற்றுக்குக் கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரவு வந்தாலும், மூலம் தேர்வாகாதவரை பல பைலட்டுகள் காற்று மோடைத் திறக்காது.

சுக்கான்பிடி

மைனஸ் பட்டையில் வாஷர் நடுவில்தான் இருந்தது, தொட முடியாத சூடு. மெயின் ஃபியூஸ் ஏற்கெனவே உண்டு. 16 வயர் போட்ட பிறகு அதே சோதனையில் கம்ப்யூட்டரில் 11.7. அணைவது நின்றுவிட்டது. மோட்டார் வயரை முறுக்கியதும் தாவல் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டது. வட்டமும் அடித்தாயிற்று, நேராகப் போகிறது. டெர்மினேட்டரைக் கழற்றியதும் 61 ஓம், காற்று மோடு வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று: காற்று பின்னாலிருந்து வரும்போது காற்று மோடில், அலை மேல் சறுக்கும் சமயம் அணியம் காற்றின் போக்கிலேயே விலகி, பாய் மறுபக்கம் அடிக்கப் பார்க்கிறது.

இழுவிசை

தோற்றக் காற்றில் (நகரும் படகில் உணரும் காற்று) வைத்திருக்கிறீர்கள். சறுக்கும்போது படகு வேகம் கூடுகிறது, தோற்றக் காற்று அணியம் பக்கம் நகர்கிறது, பழைய கோணத்தைப் பிடிக்க பைலட் படகைக் காற்றின் போக்குக்குத் திருப்புகிறது. வேகம் விழுந்ததும் காற்று மறுபடி பின்னால் போய்விடும், அப்போது பாய் மாறும். பின்காற்றில் உண்மைக் காற்று (படகின் வேகத்தைக் கழித்த காற்று) மோடுக்கு மாற்றுங்கள். அதற்கு நீர் வேகம் வேண்டும், பிஜிஎன் 128259. அதை அளக்கும் துடுப்புச் சக்கரத்தில் சிப்பி ஒட்டியிருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள். இல்லாவிட்டால் சாதா ஹெடிங் மோடே பாதுகாப்பு. நேர்ப் பின்காற்றிலிருந்து குறைந்தது 15 டிகிரி விலகியே ஓட்டுங்கள், பூம் (பாயின் அடிக்கட்டை) மறுபக்கம் போகாதபடி பிரிவென்டர் கயிறும் கட்டுங்கள்.