ஈருறுப்பு விளைவுக்கு மென்மையாக்கம்: சாலஞ்சர் ஓ-வளையத் தரவு

கேள்வி:
1986 ஜனவரி 28 அன்று சிதறிய சாலஞ்சருக்கு முந்தைய, தரவு கிடைத்த 23 விண்ணோடப் பயணங்களில், ஒவ்வொன்றிலும் இருந்த ஆறு முதன்மை ஓ-வளையங்களுள் (ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) எத்தனை பழுதாயின என்பதை வெப்பநிலையோடு பொருத்திப் பார்க்கிறேன். பழுது விகிதத்துக்கு லோயெஸ் (அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு பொருத்தும் மென்கோடு) வரைந்தால், வெப்பம் மிகுந்த முனையில் கோடு பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது. விகிதத்தை லாஜிட்டாக, அதாவது p/(1−p)-இன் மடக்கையாக, மாற்றிவிட்டுப் பொருத்தலாமா?

மறுமொழி 1:
கூடாது. பெரும்பாலான பயணங்களில் ஆறில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. பூச்சியத்தின் லாஜிட் எதிர்ம முடிவிலி. எண்ணிக்கைகளோடு அரையைக் கூட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. லாஜிட் இணைப்பைத் தரவின் மீதன்றி நிகழ்தகவின் மீது வைக்க வேண்டும். ஆர் நிரல்மொழியில், மென்கோடுகளைப் பொருத்தும் எம்ஜிசிவி (mgcv) தொகுப்பில் பழுதானவை, பழுதாகாதவை என இரு நிரல்களைத் தந்து, பைனாமியல் (ஈருறுப்பு) குடும்பத்தைக் குறிப்பிட்டு, மென்மையாக்க அளவை, அதைத் தரவிலிருந்தே கணிக்கும் ரெமல் (REML) முறைக்கு விட்டுவிடுங்கள். வளைகோடு பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலேயே நிற்கும். இவ்வளவு சிறிய தரவில் அது லாஜிட் அளவில் நேர்கோடாகவே முடிந்தாலும் வியப்பில்லை.

மறுமொழி 2:
ஒரே பயணத்தின் ஆறு வளையங்களும் ஒன்றையொன்று சாராதவை என்பது ஐயத்துக்குரியது. சிதறலின் அளவையும் தரவிலிருந்தே கணிக்கும் குவாசி-பைனாமியலிலும் ஓட்டி, நம்பிக்கைப் பட்டை எவ்வளவு அகலமாகிறது என்று பாருங்கள்.

மறுமொழி 3:
ஏவிய அன்று வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி பாரன்ஹீட். உங்கள் தரவோ 53-இல்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட பகுதியில் மென்மையாக்கி சொல்வதெல்லாம் கோடு வளைவதைக் கட்டுப்படுத்தும் அதன் தண்டனை உறுப்பின் விருப்பமே, தரவின் சாட்சியம் அன்று.