லித்தியம், ஓலன்சபின்னு மனநல மாத்திரை போடுறவங்களுக்கு சுகரும் இருந்தா: கவனிச்சதைப் பகிருங்க

மருந்துக்கடை, தண்டையார்பேட்டை
2021-லிருந்து சுகர், பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருது. மனநல மாத்திரைக்கு வேற சீட்டு, வேற டாக்டர். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாம போறதுதான் வினை. லித்தியம் போடுறவருக்கு பிரஷருக்கான எனாலாப்ரில், லோசார்ட்டான், தயாசைடு வகை நீர் மாத்திரை எது சேர்ந்தாலும் ரத்தத்துல லித்தியம் ஏறும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கினாலும் அப்படித்தான். சுகருக்கு டபாக்லிஃப்ளோசின் சேர்த்தா நேர்மாறு, லித்தியம் சிறுநீர்ல கூடுதலா போய் அளவு இறங்கலாம். புதுசா எது சேர்ந்தாலும் நின்னாலும் ரத்தத்துல லித்தியம் லெவல் எப்போ பார்க்கணும்னு டாக்டர்கிட்ட அப்பவே கேட்டு வாங்கிடுங்க.

லேப், பழைய வண்ணாரப்பேட்டை
லெவலுக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம். ராத்திரி 8-க்குப் போட்டா காலை 8-க்கு ரத்தம். காலை லித்தியத்தை ரத்தம் குடுத்தப்புறம் போடுங்க. வெறும் வயிறுன்னா சுகரும் அதே ஊசியிலேயே எடுத்துடலாம். மாத்திரையை முழுங்கிட்டு வந்தா லெவல் பொய்யா ஏறிக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைப்பாங்க, மேனியா (அளவு மீறின உற்சாகம், எரிச்சல்) திரும்பும்.

மனநல நர்ஸ், ராயபுரம்
தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு. உடனே சுகர்னு முடிவு கட்டாதீங்க. லித்தியத்தால கிட்னிக்கு நீரைப் பிடிச்சு வைக்க முடியாம போனாலும் இதேதான். மீட்டர்ல 105 காட்டும், ஆள் சொம்பு சொம்பா குடிப்பார். தண்ணியைக் குறைக்கவே குறைக்காதீங்க, லித்தியம் தேங்கும். தினம் கருவாடு சாப்பிட்டவர் பிரஷருக்குப் பயந்து உப்பை ஒரேயடியா நிறுத்தினாலும் தேங்கும். கத்திரி வெயில், வயித்துப்போக்கு ரெண்டும் அதே வழி. லித்தியம் தேங்கி கை பெருசா நடுங்கி, வாந்தியோட நடை தள்ளாடி, பேச்சுக் குழறினா அடுத்த வேளை மாத்திரை வேண்டாம். நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

கொருக்குப்பேட்டை
நர்ஸக்கா, ஓலன்சபினைப் பத்தியும் சொல்லுங்க.

மனநல நர்ஸ், ராயபுரம்
எடையும் சுகரும் ஏத்துறதுல அதுவும் குளோசபினும்தான் முன்னாடி. அதே வகையில அரிப்பிப்ரசோல், லுராசிடோன்ல குறைவு. ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பளவு, வெறும் வயித்து சுகர், கொழுப்பு குறிச்சுக்கணும். எடை 4, 8, 12-ஆவது வாரம். சுகர் 12-ஆவது வாரம், பிறகு வருஷா வருஷம். எடை ஏறுதுன்னு தானா நிறுத்தாதீங்க; மருந்தை மாத்தவோ மெட்ஃபார்மின் சேர்க்கவோ டாக்டருக்கு வழி இருக்கு.

மருந்துக்கடை, தண்டையார்பேட்டை
ஒண்ணு விட்டுப்போச்சு. சுகருக்கு இன்சுலின், கிளிமெபிரைடு எடுக்குறவர் திடீர்னு வேர்த்துக் கத்தினா, மூடு மாறிடுச்சுன்னு சண்டைக்குப் போகாம முதல்ல விரல்ல குத்திப் பாருங்க. 70-க்குக் கீழேன்னா 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சு குடுத்து, 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க. மயங்கியிருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108.